ஒடுக்கு எடுப்பதா, விடுவதா?

பங்கு இல்லத்தின் பின்புறம், விறகும் திருவிழாச் சப்பரத்தின் மூங்கில்களும் அடுக்கிய கொட்டகையில், ஒரு ஜீப் இருபத்தைந்து ஆண்டுகளாக நின்றுகொண்டிருந்தது. 2021ஆம் ஆண்டில் நாம் இம்மலைப் பங்கின் பொறுப்பேற்றபோது அதன்மேல் கோழிகள் அடைந்துகொண்டிருந்தன. சக்கரங்கள் நான்கும் காற்றிழந்து மண்ணில் பதிந்திருந்தன. எடைக்குப் போட்டால் ஒரு தொகை கிடைக்கும் என்று பங்குப்பேரவையில் ஒருவர் சொன்னார். மற்றவர்கள் அதை ஆமோதிக்கவும் இல்லை, மறுத்துப் பேசவும் இல்லை. அந்த மௌனத்தின் பொருள் நமக்கு விளங்க வெகுநாள் ஆயிற்று.

அவ்வண்டியைப் பழுதுபார்த்து ஓடவைப்பதில் இரண்டரை ஆண்டு மாலைப்பொழுதுகள் கழிந்தன. பழையதொன்றைப் புதுப்பிக்கும்போது எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது, அதைத் தீர்மானிக்கும் உரிமை யாருடையது என்ற கேள்வி அவ்வேலையினூடே நம்மைப் பற்றிக்கொண்டது. கேள்வியின் முற்பாதிக்கு நாம் குருமடத்தில் பயின்ற மெய்யியல் ஓரளவு உதவியது. பிற்பாதிக்கு உதவியவர், நாள்தோறும் செபமாலைக்கு வந்து கடைசி வரிசையில் அமரும் ஓர் அம்மையார்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். இரண்டாம் உலகப் போரின்போது, 1941 முதல் 1945 வரை, அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து போர்முனைக்கு அனுப்பின. போர் முடிந்ததும் உழவர்களுக்கும் மலைவாழ் மக்களுக்கும் என அதே வண்டி சிறு மாற்றங்களுடன் விற்பனைக்கு வந்தது. மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் பம்பாயில் அதன் பாகங்களைத் தருவித்துப் பூட்டத் தொடங்கி, பின்னர் படிப்படியாக நம் நாட்டிலேயே செய்தது. நம்முடையது 1966இல் செய்த சி.ஜே. 3பி வகை. உயர்ந்த பானெட்டைக் கொண்டே அவ்வகையை எவரும் அடையாளம் காணலாம். உயரத்துக்குக் காரணம் மிக எளியது. உள்ளிழுக்கும் வால்வுகளைத் தலைப்பகுதிக்கு ஏற்றிய புதிய எஞ்சின் பழைய மூடிக்குள் அடங்கவில்லை, மூடியை உயர்த்திவிட்டார்கள். ‘அசல்’ என்று பழைய வண்டிப் பிரியர்கள் போற்றும் இவ்வண்டியே, தனக்கு முந்திய ஒன்றைத் திருத்தியதால் பிறந்ததுதான்! இது நமக்குப் பின்னர்தான் உறைத்தது. தொடக்கத்தில் நாமும் அசலையே பேணும் கட்சியில் இருந்தோம்.

வேலைக்குத் தலைமை தாங்கியவர், அரசுப் பேருந்துப் பணிமனையில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்று ஊர் திரும்பிய பங்குமகன் ஒருவர். ஊரார் அவரை மெக்கானிக் ஐயா என்று அழைப்பர். நாமும் அப்படியே அழைத்தோம். கொட்டகையின் உத்திரம் தாங்காது என்று, பலா மரத்தின் கிளையில் செயின் கட்டி எஞ்சினைத் தூக்கினோம். பீடச் சிறுவர்கள் போல்ட்டுகளையும் நட்டுகளையும் மண்ணெண்ணெயில் கழுவினார்கள். அவற்றைப் பால்மாவு டப்பாக்களில் இட்டு, எது எங்கிருந்து கழற்றியது என்று தாளில் எழுதி ஒட்டினோம். முதலாண்டின் ஐப்பசி மழையில் கூரை ஒழுகி அத்தாள்கள் யாவும் கரைந்துபோயின. பதினேழு டப்பாக்கள், எதில் எது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பொறுமையைப் பற்றி நாம் ஆற்றிய மறையுரைகளை அன்று மாலை மெக்கானிக் ஐயா நமக்கே நினைவூட்ட வேண்டியதாயிற்று.

கழற்றக் கழற்ற, மாற்ற வேண்டியவை பெருகின. தரைத்தகடு துருவேறி விரல் பட்டால் உதிர்ந்தது; புதுத் தகடு வெட்டிப் பற்றவைத்தோம். எஞ்சினின் சிலிண்டர்களைக் கடைந்து பெரிய அளவுப் பிஸ்டன் போட்டோம். நாடெங்கும் 2000ஆம் ஆண்டு முதல் ஈயம் கலவாத பெட்ரோலே விற்கப்படுவதால், அக்காலத்து மென்மையான வால்வு இருக்கைகள் விரைவில் தேயும். கடினமான புதிய இருக்கைகள் பதித்தோம். இன்று பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காடு வரை கலப்பதால் பழைய ரப்பர் குழாய்கள் கரைந்துவிடும்; அவற்றையும் மாற்றினோம். வயரிங் முழுதும் புதிது. டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்தது. இருக்கைகளின் மெத்தையோ எலிகளின் உடைமையாகி நெடுங்காலம் ஆகியிருந்தது.

ஒருநாள் பீடச் சிறுவன் ஒருவன் கேட்டான்: “சாமி, எல்லாத்தையும் மாத்திட்டா இது அந்த ஜீப்புதானா?”

ஏதென்ஸ் நகரத்தார் தம் வீரன் தீசியஸ் சென்ற முப்பது துடுப்புக் கப்பலைப் பாதுகாத்து வந்தார்கள் என்றும், இற்றுப்போன பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றினார்கள் என்றும், அது அதே கப்பல்தானா என்று மெய்யியலார் வழக்காடினார்கள் என்றும் புளூட்டார்க் எழுதிவைத்தார். ஆங்கிலேயரான ஹாப்ஸ் 1655இல் இன்னொரு முடிச்சும் போட்டார். கழித்த பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து மீண்டும் ஒரு கப்பல் கட்டினால், இரண்டில் எது தீசியஸின் கப்பல்? கொட்டகை மூலையில் குவிந்திருந்த நம் பழைய இரும்பைப் பார்க்கும்போதெல்லாம் ஹாப்ஸின் நினைவு வந்தது.

நாட்டுச் சட்டத்திடம் இதற்குத் தயங்காத விடை உண்டு. தமிழில் ‘சட்டம்’ என்ற ஒரே சொல் வண்டியின் அடிக்கூட்டையும் அரசின் விதியையும் குறிப்பது ஒரு நல்ல தற்செயல். அடிச்சட்டத்தில் பொறித்த எண் பதிவேட்டிலுள்ள எண்ணோடு பொருந்தினால் அது அதே வண்டி. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் செய்தவர் வகுத்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. டீசல் எஞ்சின் போட்டால் செலவு குறையுமே என்று சிலர் சொன்னபோது நாம் மறுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

புனித அகுஸ்தீனார் உடலின் உயிர்ப்பைப் பற்றி எழுதுமிடத்தில் ஓர் உவமை கூறுகிறார். உருக்கிய சிலையைச் சிற்பி மீண்டும் வார்க்கும்போது, கையாயிருந்த உலோகம் காலுக்கும் காலாயிருந்தது கைக்கும் போயினும் குற்றமில்லை. மொத்தப் பொருளும் திரும்பினால் போதும். புனித தோமா அக்குவினாரோ நெருப்பைக் காட்டுகிறார். ஒரு விறகு எரிந்து தீர மற்றொரு விறகு இடப்படினும் அடுப்பில் எரிவது அதே நெருப்பு என்றே சொல்கிறோம். சிறுவனுக்கு நாம் இந்த நெருப்பு உவமையைச் சொன்னோம். அவன் சற்று யோசித்து, “அப்போ இத்தனை நாள் இந்த ஜீப்பு அணைஞ்சு கெடந்துச்சா?” என்று கேட்டான். குருமடத்துத் தேர்வில் எவரும் நம்மிடம் அப்படிக் கேட்டதில்லை.

இனி பிரேக்கின் கதை. அங்கேதான் மெக்கானிக் ஐயாவுக்கும் நமக்கும் பிணக்கு வந்தது. பழைய அமைப்பையே புதிய ரப்பர் போட்டு நிறுத்த வேண்டும் என்றோம் நாம். அவர் ஒப்பவில்லை. மிதியை அழுத்தினால் தரைக்கடியில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து எண்ணெய் குழாய் வழியே நான்கு சக்கரங்களுக்கும் ஒரே அழுத்தத்தோடு பாயும். அடைபட்ட நீர்மத்தில் ஓரிடத்து அழுத்தம் எங்கும் சமமாய்ப் பரவும் என்று கண்டு சொன்னவர் பஸ்கால், நாம் குருமடத்தில் இறைநம்பிக்கைக்காகப் படித்த அதே பஸ்கால். ஆனால் ஒரே வழித்தடமாயின் ஒரு சக்கரத்தில் ஒழுகினாலும் நான்கிலும் பிரேக் போய்விடும். வலுவைச் சமமாகப் பகிர்ந்த அதே விதி இழப்பையும் சமமாகப் பகிர்கிறது. அக்காலத்து வண்டிகள் பெரும்பாலும் அவ்வாறே இருந்தன. இரு தனித்தடங்கள் வேண்டும் என்று அமெரிக்க அரசு விதித்தது 1968இல்தான்.

“அசல், அசல்னு சொல்றீங்க சாமி. 1987இல இது அசலாத்தான் இருந்துச்சு” என்றார் மெக்கானிக் ஐயா.

அன்றுதான் நாம் முழுக் கதையையும் கேட்டோம். அவ்வாண்டு நவம்பர் மாதம், விடாத மழையில், இரவு பத்து மணிக்குப் பேறுகால வலி கண்ட இளம்பெண் ஒருத்தியை ஏற்றிக்கொண்டு ஜீப் மலையிறங்கியது. உடன் கணவர், மாமியார், உபதேசியார், ஓட்டுநர். ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் பிரேக் மிதி தரைவரை போய்விட்டது. ஓட்டுநர் கைப்பிரேக்கை இழுத்து, பள்ளத்தின் பக்கம் போகாமல் மலைப்பாறையில் வண்டியை முட்டி நிறுத்தினார். இடப்பக்க முன் மட்கார்டு உள்ளே நசுங்கிச் சக்கரத்தைக் கவ்விக்கொண்டது. எவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. மாதா காப்பாற்றிய வண்டி என்று பெயராயிற்று. வண்டியை மறுபடி ஓடவைத்தபோதும் அந்த ஒடுக்கை மட்டும் எடுக்கவில்லை. பத்தாண்டு காலம் அது அப்படியே மலையேறி இறங்கியது. பிள்ளைகளுக்கு அதைத் தொட்டுக்காட்டி ஐந்து பேர் பிழைத்த கதையைச் சொன்னார்கள்.

இதைக் கேட்டதும் பிரேக்கில் நம் பிடிவாதம் தளர்ந்தது. பிற்கால வண்டி ஒன்றின் இரட்டை மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்தினோம். இருக்கைப் பட்டைகளும் அமைத்தோம். ஆனால் ஒடுக்கைப் பொறுத்தவரை நம் பிடிவாதம் முன்னிலும் கூடிற்று. மற்ற இடமெல்லாம் பட்டி பார்த்து வண்ணம் பூசலாம், அது மட்டும் அப்படியே இருக்கட்டும், அருகில் ஒரு சிறு பித்தளைத் தகடு வைப்போம் என்று முடிவுசெய்தோம். உயிர்த்த ஆண்டவர் தம் காயங்களை மறைத்துக்கொள்ளவில்லை, தோமாவுக்குக் காட்டினார் அன்றோ? மறையுரைக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் எங்கே கிடைக்கும் என்றுகூட எண்ணினோம். இதை ஒளிக்காமல் சொல்லிவிடுவதே முறை.

வண்டி முழுதும் சாம்பல்நிற முதற்பூச்சு ஏறி, மட்கார்டு மட்டும் பழைய பச்சையில் நின்ற ஒரு மாலையில், செபமாலை முடிந்து அந்த அம்மையார் கொட்டகைப் பக்கம் வந்தார். வயது அறுபதை எட்டியிருக்கும். “அதை மட்டும் ஏன் சாமி விட்டுட்டீங்க?” என்று கேட்டார். நாம் ஆர்வத்தோடு விளக்கினோம்: நினைவு, அருளடையாளம், ஆண்டவருடைய காயங்கள். அவர் யாரென்று நமக்கு அப்போது தெரியாது. முழுவதும் கேட்டுவிட்டு, முந்தானையைத் திருத்திக்கொண்டு சொன்னார்:

“அஞ்சு பேரு பொழச்சோம்னு சொல்றாங்க சாமி. ஆறு பேரு போனோம்.”

பாறையில் முட்டிய வண்டி அசையாததால் அவரை டோலி கட்டி அடிவாரத்துக்குச் சுமந்து சென்றார்கள். ஐந்து மணி நேரம். மருத்துவமனையை அடைந்தபோது வயிற்றில் குழந்தை உயிரோடு இல்லை. இது ஊரில் மூத்தவர் அனைவருக்கும் தெரியும். ஆயினும் கதையில் இது இல்லை. முதல் பேரவைக் கூட்டத்தின் மௌனம் நமக்கு விளங்கியது அன்றிரவுதான். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பெண்மணி, தம் பிள்ளை இறந்த இரவைப் புதுமையென்று பிறர் கொண்டாடக் கேட்டுக்கொண்டு கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார்.

உறக்கம் பிடிக்கவில்லை. பங்கின் பழைய குறிப்பேடுகளை எடுத்துப் புரட்டினோம். 1987 ஆகஸ்டு மாதப் பக்கத்தில், மாதா திருவிழாச் செலவுகளுக்கிடையே ஒரு வரி இருந்தது. பிரேக் ரப்பர் மாற்ற வேண்டும் என்று ஓட்டுநர் கேட்கிறார், திருவிழா முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். திருவிழா செப்டம்பரில் முடிந்தது. வாணவேடிக்கைக்கு ஆன தொகையும் அதே பக்கத்தில் இருக்கிறது. அதை எழுதியவர் இன்று இல்லை. நல்ல குரு என்றே ஊரார் சொல்கிறார்கள், நாமும் அதை நம்புகிறோம். எனினும் நாம் அமர்ந்திருப்பது அவர் அமர்ந்த அதே நாற்காலி. தீசியஸின் கப்பலைப் பற்றிய கேள்வி அன்றிரவு வேறு உருவில் திரும்பியது. பங்குத்தந்தையர் மாறினார்கள், பேரவையினர் மாறினார்கள், கூரைகூட மாறியது. பங்கு அதே பங்குதான் என்றால் அந்த ஒரு வரியும் நம்முடையதே. பெருமைக்கு மட்டும் தொடர்ச்சி கொண்டாடி, பிழைக்கு வேறு ஆள் என்று சொல்ல வழியில்லை.

காயங்களைப் பற்றியும் மீண்டும் எண்ணிப்பார்த்தோம். ஆண்டவர் காட்டியது தம் சொந்தக் காயங்களை. காட்ட வேண்டுமென்று தாமே தேர்ந்து, தாம் விரும்பியவர்களுக்குக் காட்டினார். பிறர் காயத்தை அவர் எவருக்கும் காட்சிப்பொருளாக்கியதாக நற்செய்தியில் நாம் காணவில்லை. ஒலிவ மலையில் அவருடைய சீடரே வாளோங்கி ஊழியன் ஒருவனின் காதை வெட்டியபோது என்ன செய்தார்? தொட்டு நலமாக்கினார் என்று லூக்கா எழுதுகிறார். தம்மவர் செய்த காயத்தை அடையாளமாக விட்டுவைக்கவில்லை. குருப்பட்டம் பெற்றது முதல் மூன்றாண்டுக்கு ஒருமுறை புனித வாரத்தில் நாம் வாசித்துவரும் பகுதிதான் இது.

ஒடுக்கை எடுத்துவிடலாம் என்று மறுநாள் மெக்கானிக் ஐயாவிடம் சொன்னோம். அவர் உடனே சம்மதிக்கவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. “எடுத்துட்டா அம்மாவுக்கு நல்லது சாமி. ஆனா நமக்கும் சௌகரியமாப் போயிரும். தப்பு நம்மது. அடையாளத்தை நாமளே அழிச்சுட்டு, பளபளன்னு பெயிண்ட் அடிச்சு நிறுத்திக்கலாமா?”

இதற்கு எளிய விடை இல்லை. அழிப்பது குற்றவாளிக்கு வசதி. வைப்பது பாதிக்கப்பட்டவருக்குப் பாரம். பழைய கட்டடத்தையோ சிலையையோ வண்டியையோ புதுப்பிப்பவர்கள் எது உண்மையானது என்று பொருளையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாமும் அப்படித்தான் இருந்தோம். அந்த மட்கார்டில் இருந்தது ஒரே ஒடுக்கு. ஆனால் ஊருக்கு அது நன்றி, நமக்குக் கடன், அவருக்குப் பிள்ளை. இவ்வேறுபாட்டைத் தகடு தானாகச் சொல்லாது. நாம் கண்ட வழி இதுதான்: கடன்பட்டவர்கள் தங்கள் கடனைத் தங்கள் ஏட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்; அவர் நாள்தோறும் கடந்துபோகும் வழியில் அதை நிறுத்திவைக்க நமக்கு உரிமையில்லை. இது முழுமையான விடை என்று நாம் வாதாடவில்லை. அவரிடம் முன்பே சென்று கேட்டிருக்க வேண்டும் என்பது மட்டும் ஐயமறத் தெரிகிறது.

ஆகவே அவரது இல்லத்துக்குச் சென்று, குறிப்பேட்டின் அந்த வரியைப் பேரவையில் படிக்கலாமா என்று முதலில் கேட்டோம். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “படிங்க. எம் பேரு வேணாம்” என்றார். படித்தோம். சிலர் முகம் சுளித்தார்கள். இறந்துபோன குருவின் பெயரைக் கெடுப்பதா என்று ஒருவர் எழுந்து வெளியே போனார். அவர் இன்றும் நம்மிடம் அதிகம் பேசுவதில்லை. ஐந்து பேர் கதையைத் திருவிழா மேடையில் சொல்வதில்லை என்று முடிவாயிற்று. பித்தளைத் தகட்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தோம். அது போனது போனதுதான்.

ஒடுக்கு எடுக்க ஒரு பகல் முழுதும் ஆயிற்று. உள்ளிருந்து இரும்புக்கட்டை தாங்க, வெளியே சுத்தியல் தட்ட, அறுபது ஆண்டுத் தகடு கீறாமல் சிறிது சிறிதாக எழும்பியது. நம் கையிலும் சிறிது நேரம் சுத்தியலைக் கொடுத்தார் மெக்கானிக் ஐயா. நாம் தட்டிய இடத்தை அவர் மறுபடி தட்ட வேண்டியிருந்தது. பிறகு பட்டி, தேய்ப்பு, வண்ணம். நிலுவைக் கட்டணம் யாவும் கட்டிப் பதிவையும் புதுப்பித்தோம். 2024இல் வண்டி மீண்டும் சாலைக்கு வந்தது.

மலையிறக்குமுன் கோயில் மைதானத்தில் பிரேக்கைச் சோதித்தோம். முன்சக்கரத் தடத்தின் குழாயை மெக்கானிக் ஐயா வேண்டுமென்றே தளர்த்திவிட்டு வண்டியை ஓட்டி மிதியை அழுத்தினார். எண்ணெய் புழுதியில் ஒழுகியது. மிதி பாதிவரை சென்றது, அங்கே நின்றது. பின்சக்கரங்கள் பிடித்துக்கொண்டன. இருமுறை, மும்முறை அப்படியே செய்தார். பிறகு இறங்கிக் குழாயை முறுக்கி, காற்றெடுத்து, கைகளைத் துடைத்துக்கொண்டார்.

அந்த அம்மையார் கோயில் வாசற்படியில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்றுவரை அவர் அந்த ஜீப்பில் ஏறியதில்லை. ஏறுங்கள் என்று நாம் கேட்டதும் இல்லை. சென்ற மாதம் அவருடைய மருமகளுக்கு வலி கண்டபோது, விடியற்காலை நான்கு மணிக்கு அவர் பங்கு இல்லத்தின் கதவைத் தட்டினார். மருமகளையும் மகனையும் வண்டியில் ஏற்றிவிட்டார். “நீங்க போங்க சாமி, நான் முதல் பஸ்ஸுல வர்றேன்” என்றார்.